செயலாளரின் ஆண்டறிக்கை: தூண்டில் கலை பற்றிய பழைய புத்தகங்கள் சேகரிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இறகையும் பட்டுநூலையும் தூண்டில் முள்ளில் கட்டிப் பூச்சிபோல் நீரில் மிதக்கவிட்டு மீனை ஏய்க்கும் கலையைப் பற்றிய பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்பதே நம் சங்கத்தின் வேலை என்பதால், இந்த அறிக்கையும் பெரும்பாலும் புத்தகங்களைப் பற்றியதே. நீலகிரியில் இப்படியொரு சங்கம் எதற்கு என்று புதிய உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைந்த மலை இது. அந்த மீனைப் பிடிக்க வந்தவர்கள் தூண்டிலோடு புத்தகங்களையும் கொண்டுவந்தார்கள், போகும்போது பலவற்றை இங்கேயே விட்டுப் போனார்கள் என்பதே அவருக்கு நான் சொன்ன பதில்.

இந்த ஆண்டின் மகிழ்ச்சியான வரவு, சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’. மகாசீர் மீனைப் பற்றி அக்கறையோடு எழுதப்பட்ட இந்த நூலின் முதற்பதிப்பு 1873இல் மங்களூரில் வெளியானது. நமக்குக் கிடைத்ததோ 1897ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு. காலி செய்யப்பட்ட ஒரு தோட்ட பங்களாவில், பழைய கணக்குப் பேரேடுகளுக்கு அடியில், முதுகுத்தோல் கழன்ற நிலையில் அது கிடந்தது. எடைக்குப் போகவிருந்த கட்டைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை நம் பொருளாளருக்கு இருந்ததால் தப்பியது. இதே ஆசிரியர் நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி 1887இல் வெளியிட்ட ‘டாங்க் ஆங்லிங் இன் இந்தியா’வை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம், யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தெரிவிக்கவும்.

அடுத்தது ஒரு மனக்குறை. பிரிட் என்பவர் 1885இல் வெளியிட்ட ‘யார்க்‌ஷர் டிரவுட் ஃப்ளைஸ்’, மறு ஆண்டே ‘நார்த் கன்ட்ரி ஃப்ளைஸ்’ என்று பெயர் மாறி மீண்டும் வந்தது. கௌதாரி இறகும் ஆரஞ்சு நூலும், உள்ளான் இறகும் ஊதா நூலும் என்று, இறகின் பெயரும் பட்டுநூலின் நிறமுமே அப்படிக் கட்டிய செயற்கைப் பூச்சியின் பெயராகிவிடும் எளிமை அந்த வட இங்கிலாந்து மரபுக்கு உரியது. இரண்டாவது பெயரில் வந்த பிரதி ஒன்றை, குறைவற்றது என்ற உறுதிமொழியை நம்பி, வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் முழுப்பணமும் கொடுத்து வாங்கினோம். புத்தகத்தில் 62 பூச்சிகளின் வண்ணப் படங்கள் இருக்க வேண்டும். எண்ணினால் குறைந்தது. தையலோரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு தாள்விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில், காணாமற்போன பூச்சிகளின் வண்ணம் மங்கிய நிழலாக ஒட்டியிருந்தது. சட்டமிட்டு விற்பதற்காக யாரோ எப்போதோ கத்தியால் அறுத்தெடுத்த தாள் அது. கடிதம் பல எழுதியபின் தொகையில் ஒரு பகுதிதான் திரும்ப வந்தது. அவசரப்பட்டதில் என் பங்கு பெரிது. இனி ஒவ்வொரு படத்தாளையும் ஒளிப்படமாகப் பெற்று, எண்ணிச் சரிபார்த்த பிறகே பணம் அனுப்புவது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

கெல்சன் 1895இல் வெளியிட்ட ‘தி சால்மன் ஃப்ளை’ நூலின் பிற்கால மறுபதிப்பு ஒன்றும் நூலகத்தில் சேர்ந்தது. சால்மன் மீனுக்கான அந்தப் பகட்டான பூச்சிகளுக்கு டூக்கன், மக்காவ் என்று உலகப் பறவைகளின் இறகெல்லாம் தேவைப்பட்டன. ஆனால் இறக்கையின் இருபுறமும் ‘கண்’ணாக வைக்கப்பட்ட, மெழுகுத்துளி போன்ற மஞ்சள் புள்ளியுடைய கழுத்திறகு நம் சோலைகளில் கூவும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியினுடையது. ஸ்காட்லாந்து ஆற்றங்கரைக்கு நம் காட்டின் கோழி போய்ச் சேர்ந்த கதையை அந்நூலின் கட்டும் முறைகளில் வரிக்கு வரி காணலாம். நன்கொடையாக நூல்கள் தந்த குடும்பம், கட்டி முடித்த பூச்சிகள் நிறைந்த பழைய தோல்பை ஒன்றையும் சேர்த்துத் தர முன்வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு, நூல்களை மட்டும் பெற்றுக்கொண்டு பையை நன்றியோடு மறுத்துவிட்டோம். இதில் சிலருக்கு வருத்தம் என்பதை அறிவேன். முடிவு சரியென்றே நான் இன்னும் கருதுகிறேன்.

நூலக அலமாரியில் மழைக்காலந்தோறும் பூஞ்சணம் பிடிக்கிறது. இராமபாணப் பூச்சியும் தன் பங்கைக் கேட்கிறது. நூல்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கி, ஆடி மாதம் முழுவதும் அறையில் விளக்கெரிய விட்டதில் இந்த ஆண்டு சேதம் குறைவு. மின்கட்டணம் கூடியதற்கு இதுவே காரணம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கழன்ற முதுகுத்தோலைத் தைத்துத் தர இசைந்துள்ள பைண்டருக்குரிய கூலிக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோரி அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்