பயிற்சி அறையைத் திறந்து விடுங்கள்: எங்கள் இசைப்பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். இதை நம் வாட்ஸ்அப் குரூப்பிலேயே எழுதியிருப்பேன். ஆனால் பயிற்சி அறையைப் பற்றி நான்கைந்து பெற்றோர் கேள்வி கேட்ட கையோடு, அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று குரூப்பை மாற்றிவிட்டீர்கள். நேரில் வந்தால் செயலாளர் சார் மீட்டிங்கில் இருக்கிறார். எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தோம், அந்தத் தாள் எந்த ஃபைலுக்குள் போனதென்று ஆபீஸில் இருக்கும் அக்காவுக்கே தெரியவில்லை. அதனால்தான் ஊர் பார்க்க எழுத வேண்டியதாகிவிட்டது. தவறாக நினைக்க வேண்டாம்.

விஷயம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆண்டு விழா முடிந்ததும் மாடியில் இருக்கும் பயிற்சி அறைக்குப் பூட்டுப் போட்டீர்கள், நிர்வாகக் காரணம் என்று ஒரு வரி எழுதி ஒட்டினீர்கள். அந்தக் காகிதம் மழையில் நனைந்து கிழிந்தும் போய்விட்டது, பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான். முன்பு இருந்த மாதிரி சாயங்காலம் 5 மணியிலிருந்து 6.30 வரை அந்த அறையைத் திறந்து விடுங்கள்.

வகுப்பே நடக்கிறதே, தனியாக ஒரு அறை எதற்கு என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். வீணை வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பு 45 நிமிடம். பள்ளியில் இருப்பது 3 வீணை. உட்காருகிற பிள்ளைகள் 9 பேர். ஒரு பிள்ளையின் மடியில் வீணை இருப்பது 15 நிமிடம், அதுவும் டீச்சர் யாரையும் திட்டாமல், சுருதி கலையாமல், கரண்ட் போகாமல் இருந்தால். இந்த 15 நிமிடத்தில், ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில் வாசிக்க வேண்டும். முதல் காலத்தில் தாளத்தின் ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. இது யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை, விரல் தானாகப் போகும்வரை திரும்பத் திரும்ப வாசித்தால்தான் வரும். டீச்சர் வழி காட்டலாம், நடக்க வேண்டியது பிள்ளைதான். அந்த நடைக்குத்தான் மாடி அறை இருந்தது.

அந்த அறையில் தினமும் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், உங்கள் எல்லோருக்கும் தெரிந்த முகம்தான். ஓட்டேரியில் எங்கள் ஹவுசிங் போர்டில் எங்களுக்கு மேல் மாடி. எட்டாம் வகுப்பு. என் பையனோடு அவளையும் நான்தான் ஷேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வருவேன். அவள் அப்பாவுக்குக் காசிமேட்டில் மீன் லோடு இறக்குகிற வேலை. நடுராத்திரி தாண்டிக் கிளம்பினால் மதியம்தான் வருவார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அவருக்கு ராத்திரி என்பது சாயங்காலம் மூன்றிலிருந்து ஒன்பது வரை. வீடு ஒரே அறை, அப்புறம் ஒரு சமையல் மூலை. அந்த நேரத்தில் அந்த வீட்டில் பாத்திரம் கூடச் சத்தம் போடாது. அண்ணன் பத்தாம் வகுப்பு, அவன் படிப்பதே படிக்கட்டில் உட்கார்ந்துதான். சொந்தமாக வீணை வாங்குவது பற்றிப் பேச்சே இல்லை, அதன் விலை அவள் அப்பாவின் ஒரு மாத வருமானத்தைத் தாண்டும். யாராவது வாங்கிக் கொடுத்தால்கூட அதை எங்கே வைப்பது, எந்த நேரத்தில் வாசிப்பது?

அறை இருந்தவரை ஸ்கூல் விட்டதும் நேராக மாடிக்குப் போய்விடுவாள். வீணை டீச்சர் வருவதற்குள் முந்தின பாடத்தை முடித்து வைத்திருப்பாள். கூடவே இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு விரல் வைக்கவும் சொல்லிக் கொடுப்பாள். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று ஆரம்பப் பாடங்கள் எல்லாம் தாண்டி இப்போது வர்ணம் என்ற பெரிய பாடத்துக்கு வந்திருக்கிறாள். பூட்டுப் போட்ட பிறகு என்ன செய்கிறாள் தெரியுமா? பழைய மாதக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஸ்கேல் வைத்து 24 கோடு போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கிறாள். கோடுதான் மெட்டு, வீணையில் விரல் வைக்கிற கட்டை. சத்தம் இல்லை, அப்பா எழுந்திருக்க மாட்டார்.

புத்திசாலிப் பெண், எப்படியும் சமாளித்துக்கொள்வாள் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். ஆண்டு விழா மேடையில் இதை ஒரு நெகிழ்ச்சிக் கதையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவீர்களோ என்றும் எனக்குப் பயமாக இருக்கிறது. அட்டையில் சரளி வரிசை வேண்டுமானால் போகும், எந்த இடத்தில் எந்த விரல் என்ற கணக்கு மறக்காமல் இருக்கும். வர்ணம் போகாது. வீணையில் பாதிப் படிப்பு இடது கையில்தான் இருக்கிறது. ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரத்தைக் கொண்டுவர வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைக் காதுதான் விரலுக்குச் சொல்லும். அட்டையில் இழுக்கத் தந்தியும் இல்லை, கேட்க நாதமும் இல்லை. போன வாரம் வகுப்பில் அந்த இழுப்பு, அதாவது கமகம், பிசிறியதும் டீச்சர், வீட்டில் வாசிப்பதே இல்லையா என்று கடிந்துகொண்டார். டீச்சரைக் குறை சொல்லவில்லை, அவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அன்று அந்த அறையில் இல்லை.

என் பையன் கதை இவ்வளவு இல்லை. மிருதங்கம். தா தி தொம் நம் எல்லாவற்றையும் தலையணையில் தட்டிக்கொண்டிருக்கிறான். தலையணையில் நான்குக்கும் ஒரே சத்தம்.

இதற்கு ஆபீஸில் கிடைத்த பதில், இப்போது எல்லாவற்றுக்கும் ஆப் இருக்கிறதே என்பது. இருக்கிறது. தம்பூரா ஆப் நல்ல விஷயம்தான், சுருதிக்கு நானே போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் செல்போன் கண்ணாடியைத் தடவினால் வீணை வராது. கமிட்டியில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது இருக்கிறீர்கள், உங்களிடம் இதை ஓட்டேரியிலிருந்து நான் விளக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் சங்கடம்.

ஆண்டு விழாவில் செயலாளர் சார் குருகுலத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அதே சார்தான் பிறகு, பயிற்சி என்பது மாணவரின் சொந்தப் பொறுப்பு, அதை வீட்டில் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். குருகுலத்தில் சீடன் எங்கே சார் சாதகம், அதாவது பயிற்சி, செய்தான்? குரு வீட்டில்தானே. விடியற்காலை எழுந்து அவர் காதில் விழுகிற மாதிரி, ஸ்வரங்களை 'ஆ' என்றே பாடிப் பழகும் அகார சாதகம் செய்வான், தப்பு வந்தால் உள்ளேயிருந்து ஒரு குரல் திருத்தும். பாடத்தை மட்டும் என்னிடம் கற்றுக்கொள், சாதகத்தை உன் வீட்டில் வைத்துக்கொள் என்று எந்தக் குருவும் திண்ணைக் கதவைச் சாத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே வருகிற பாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை உங்கள் மாடி அறைதான். பெரியவர்கள் வாசிப்பதைச் சின்னவர்கள் உட்கார்ந்து கேட்டதும் அங்கேதான். வகுப்பில் கற்றுக்கொண்டதைவிட அங்கே காதில் விழுந்ததில் என் பையன் அதிகம் கற்றுக்கொண்டான் என்று அடித்துச் சொல்வேன்.

அப்புறம் கரண்ட் பில். இதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அந்த அறையில் இருப்பது இரண்டு பழைய டியூப்லைட், ஒரு ஃபேன். எல்லாம் சேர்த்து 155 வாட் என்று வையுங்கள். தினம் ஒன்றரை மணி நேரம், மாதம் 26 நாள், கணக்குப் போட்டால் சுமார் 6 யூனிட் வருகிறது. கீழே புதிதாகப் போட்ட கீபோர்டு ஹாலின் ஏசி இதை ஒரே நாளில் சாப்பிட்டுவிடும். அந்த 6 யூனிட் காசை நாங்களே கட்டிவிடுகிறோம், சில்லறையாக வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

வாத்தியங்கள் பாழாகின்றன என்பது இன்னொரு காரணம். பூட்டி வைத்தால்தான் பாழாகும் ஐயா. வீணையின் மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. மொட்டைமாடி வெயில் இறங்குகிற அறையில் ஜன்னலையும் சாத்திவிட்டால் மெழுகு இளகும், மெட்டு நகரும், அப்புறம் ஆள் கூப்பிட்டு மேளம் கட்ட வேண்டும், அதாவது மெட்டுகளை மறுபடி மெழுகில் பதிக்க வேண்டும். நம் ஊர்க் கடல் காற்றுக்குத் துடைக்காத தந்தி துருப்பிடிக்கும். கையில் எடுத்து வாசிக்கிறவர்கள்தான் துடைத்து வைப்பார்கள்.

பேச ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு இந்தப் பள்ளியில் கானா பாடுகிற பையன் வந்தால் டீச்சர் விரட்ட மாட்டார். பாடு என்பார், பாடியதும் இது என்ன தாளம், போட்டுக் காட்டு என்பார், அவன் தொடையில் தட்டித் தட்டிக் கண்டுபிடிப்பான், அப்படியே அது மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ரம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். தாளம் தனக்கு ஏற்கெனவே தெரியும், இங்கே அதற்குப் பெயர்தான் வைக்கிறார்கள் என்று அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது வளாகத்துக்குள் கானா, சினிமாப் பாட்டு கூடாது என்று போர்டு. பதிலுக்கு ஆறே மாதத்தில் மேடை என்று ஒரு ஸ்பெஷல் பேட்ச், அதற்குத் தனி ஃபீஸ். ஆறு மாதத்தில் ஒரு பாட்டை மனப்பாடம் செய்து மேடையில் ஒப்பித்துவிடலாம்தான். ஏழாவது மாதம் அந்தப் பிள்ளையிடம் வேறு ராகத்தில் நான்கு ஸ்வரம் பாடச் சொல்லிப் பாருங்கள்.

சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரம் என்று 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அந்தச் செய்தியை ஃபிரேம் போட்டு ஆபீஸில் மாட்டியிருக்கிறீர்கள், சந்தோஷம். மார்கழி வந்தால் மயிலாப்பூரும் தி.நகரும் திமிலோகப்படும், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு ஊர்ச் செய்தி. பல சபாக்களில் காலையிலும் மதியத்திலும் நடக்கிற கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. முன்பெல்லாம் டிசம்பர் லீவில் டீச்சர்கள் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி அப்படிக் கச்சேரிகளுக்கும், பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்துக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள். அதுவும் நின்றுவிட்டது, காரணம் இன்ஷூரன்ஸாம். சரி, அது வேறு சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஃப்ளெக்ஸைச் சொல்லாமல் விட முடியவில்லை. புதிய சேர்க்கைக்காக வாசலில் பெரிதாகக் கட்டியிருக்கிறீர்களே, அதில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வீணை வாசிக்கிற பிள்ளை யார்? காலண்டர் அட்டையில் வாசிக்கிறாள் என்று மேலே சொன்னேனே, அவளேதான். எல்லோருக்கும் இசை என்று அவள் தலைக்கு மேல் எழுதியிருக்கிறது. அவளைத் தாண்டி உள்ளே போய் மாடி ஏறினால் பூட்டு. படம் எடுக்க அவளிடமோ வீட்டிலோ ஒரு வார்த்தை கேட்டீர்களா என்பதைக்கூட விட்டுவிடுகிறேன்.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளியில் ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளையை ஒருநாளும் வெளியே நிறுத்தியதில்லை, அது உங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் நீங்களும் சேர்ந்து காப்பாற்றிய பெயர். அதை நாங்கள் மறக்கவில்லை. அதனால்தான் வேறு எங்கும் போகாமல் உங்களிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்க வேண்டாம். ஆறு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள் பெயர் கொடுத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து அறையில் உட்காருகிறோம். யார் வந்தார்கள், எந்த வாத்தியம் எடுத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று நோட்டில் எழுதி வைக்கிறோம். தந்தி அறுந்தால் நாங்களே வாங்கிப் போடுகிறோம். பெருக்கித் துடைப்பதும் எங்கள் வேலை. 6.30-க்கு விளக்கை அணைத்துச் சாவியை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டுத்தான் கீழே இறங்குவோம். சாயங்காலம் முழுவதும் முடியாது என்றால் ஒரு மணி நேரமாவது கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் என்று சொல்லிவிடாதீர்கள், வாரத்துக்கு ஒரு நாள் வாசித்து விரல் பழகாது.

அடுத்த கமிட்டி கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுத்துப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். எங்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டால் வந்து நேரில் சொல்கிறோம், கூப்பிடாவிட்டால் கீழே படிக்கட்டில் காத்திருக்கிறோம். முடிவு எதுவானாலும் குரூப்பில் போடுங்கள். போட்ட பிறகு, நன்றி சொல்வதற்காகவாவது, எங்களையும் அதில் எழுத விடுங்கள்.

இப்படிக்கு,
மிருதங்க வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா,
ஓட்டேரி, சென்னை