சரோஜாவுக்கு, கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நீ கேட்டிருந்தது அவசரத்தில் பதில் எழுதக்கூடிய விஷயம் இல்லை என்பதால்தான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன்.

இங்கே எல்லோரும் நலம். இந்த வருடம் பனி கடுமை. விடிகாலையில் பள்ளமான தோட்டங்கள் வெள்ளையாகக் கிடக்கின்றன, கொழுந்து கருகிப் போகிறது. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி எழுதினால் கடிதம் முழுக்க அதுவே ஆகிவிடும், விடு. தம்பி மகளுக்குக் குன்னூரில் வரன் பார்த்திருக்கிறோம், தை பிறந்ததும் பேச வருகிறார்கள். சரி, உன் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன்.

குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்தும் தட்டம்மை ஊசி போடவில்லை, அது எங்கள் முடிவு, இதில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு என்ன வந்தது என்று மருமகள் கேட்கிறாள். ஊசி வேண்டாம் என்பவன் நாளைக்கு நோய் வந்தால் சொந்தக் காசில் வைத்தியம் பார்த்துக்கொள்ளட்டும், கொரோனா காலத்திலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று கொழுந்தனார் கத்துகிறார். நீ கொரோனா காலத்தில் நர்ஸாக வார்டில் நின்றவள், நீ சொல் என்று என்னிடம் தள்ளிவிட்டாய். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சம்மதம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ கல்யாணமாகி வேலையை விட்ட பிறகு இங்கே ஆஸ்பத்திரி எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஊட்டியில் இப்போது 700 படுக்கைகளோடு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வந்துவிட்டது, 2025 ஏப்ரலில் திறந்தார்கள். 2021-இல் அது கிடையாது. கொஞ்சம் மோசமான கேஸ் என்றாலே "கீழே அனுப்பு" என்பதுதான் எங்கள் பேச்சு. கீழே என்றால் கோயம்புத்தூர். ஊட்டியிலிருந்து மூன்று மணி நேரம், பந்தலூர்ப் பக்கம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். மழைக்காலத்தில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் அதுவும் இல்லை. அந்த மே மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் சென்னையையே கோவை தாண்டியது, ஞாபகம் இருக்கிறதா? மேலே இடமில்லை என்று கீழே அனுப்பினால் கீழேயும் இடமில்லை. அங்கே ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன, உள்ளே நோயாளி சிலிண்டரோடு படுத்திருப்பார்.

வெளியில் இருப்பவர்கள் படுக்கை என்றால் கட்டிலும் மெத்தையும் என்று நினைக்கிறார்கள். கட்டில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். சாதாரண மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் ஒரு இரவு முழுக்கத் தாங்கும். நோய் முற்றிப்போய், மூக்கு வழியாக ஆக்சிஜனை வேகமாகச் செலுத்தும் ஹை-ஃப்ளோ மெஷினில் நிமிடத்துக்கு 60 லிட்டர் என்று வைத்தால் அதே சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூட வராது. அப்புறம் நாள் கணக்கு. மாரடைப்புக்காரர் நல்லபடியாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் ஐசியுவை விட்டு வெளியே வந்துவிடுவார். கொரோனாவில் மூச்சு வாங்கி உள்ளே போனவர் வாரக்கணக்கில் படுத்திருப்பார். ஒருவர் அங்கே மூன்று வாரம் படுத்தால், அந்த மூன்று வாரத்தில் அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டிய ஏழெட்டுப் பேர் வேறு வழி பார்க்க வேண்டும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். நாங்கள் அப்போது வைத்திருந்த கடைசி ஹை-ஃப்ளோ இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், படித்தவர், வசதிக்குக் குறைவில்லை. 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் ஊசி உண்டு. வீட்டில் எல்லோரும் சொல்லியும் போனில் வந்த ஏதோ வீடியோவை நம்பி வேண்டாம் என்றிருக்கிறார். அவர் வந்து சில நாளில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பதுகூட ஆகவில்லை. அந்த வயதுக்கு மே மாதம்தான் ஊசியைத் திறந்துவிட்டார்கள், அதுவும் கிடைத்த பாடில்லை. வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பே அவளுக்கு வரவில்லை. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, இறங்கிக்கொண்டே போனது. மெஷின் இல்லை, கீழே அனுப்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டும்போது முடிந்துவிட்டது. இங்கேயே இடம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியவர் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனார்.

இதைக் கேட்டால் கொழுந்தனார் மேஜையைத் தட்டி "பார்த்தாயா, நான் சொன்னேனே" என்பார். இல்லை என்று சொல். அந்தப் பெரியவரை எழுப்பிவிட்டு அவளைப் படுக்க வைக்க என் கை வந்திருக்காது, வரவும் கூடாது. கல்லாறு வளைவில் காரை நியூட்ரலில் இறக்கி, பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் விழும் சுற்றுலாக்காரர்களை இங்கே எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். கியரில் இறங்கு என்று வழியெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியதைப் படிக்காமல் ஏன் வந்தாய் என்று கேட்டுவிட்டா தையல் போடுகிறோம்? ஆஸ்பத்திரிக் கதவுக்கு உள்ளே வந்துவிட்டால் மூச்சு எவ்வளவு, நாடி எவ்வளவு என்பதைத் தவிர வேறு கேள்வி கிடையாது. நம்மை அப்படித்தான் பழக்கினார்கள், அதில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

காசு வாங்குவதும் நடந்து பார்த்ததுதான். ஊசி வேண்டாம் என்று தாங்களாக ஒதுங்கியவர்களுக்குக் கொரோனா சிகிச்சைச் செலவை ஏற்க மாட்டோம் என்று சிங்கப்பூர் 2021 டிசம்பரில் கொண்டு வந்தது. கனடாவில் கியூபெக் மாநிலம் அடுத்த ஜனவரியில் தனி வரி போடப் போவதாகச் சொல்லி, சில வாரத்திலேயே கைவிட்டது. நம் பக்கத்து வீடு கேரளமும் 2021 நவம்பர் கடைசியில், மறுப்பவர்களுக்கு இலவசச் சிகிச்சை இல்லை என்று அறிவித்தது. இங்கே நீலகிரியில் அந்த செப்டம்பரில் கலெக்டர் ஒரு உத்தரவு போட்டார்: ஊசிச் சான்று காட்டினால்தான் டாஸ்மாக்கில் பாட்டில். ஊரே அதைப் பேசிற்று. அந்த உத்தரவில் எனக்குக் குறை இல்லை. பாட்டில் கிடைக்காவிட்டால் யாரும் சாக மாட்டார்கள். சிகிச்சைக்கு விலை வைப்பது அப்படி இல்லை. வசதி உள்ள மனிதர் பில்லைக் கட்டிவிட்டுப் போவார், தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் இருப்பவள் காசுக்குப் பயந்து மூச்சு முட்டும்வரை வீட்டிலேயே கிடப்பாள். கொழுந்தனார் இந்த இடத்தை யோசிக்கவில்லை.

ஏனென்றால் ஊசி போடாதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை, சரோ. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் வரும், இரண்டு நாள் கூலி போகும் என்று தள்ளிப் போட்டவர்கள் தோட்டத்தில் நிறைய. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி ஊசி போட்டு 17-ஆம் தேதி காலமானாரே, அந்த வாரம் எங்கள் முகாமில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வந்தது. அதற்குள் இரண்டாம் அலையே வந்து போய்விட்டது. பயந்தவர்களை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்? அதே நேரம் பழங்குடிக் கிராமங்களைப் பார். முதலில் ஊசிக்காரர்களைக் கண்டால் காட்டுக்குள் போனவர்களும் உண்டு. அந்தந்த ஊர்ப் பெண்களையே கூட்டிக்கொண்டு, அவர்கள் பேசும் மொழியில், திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து பேசினார்கள். ஜூன் முடிவதற்குள் 18 வயதைத் தாண்டிய பழங்குடியினர் அனேகமாக எல்லோருக்கும் முதல் ஊசி போட்டாயிற்று. மிரட்டியா நடந்தது?

உன் மருமகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உடம்பு அவரவருடையது என்பதை ஒத்துக்கொண்ட அதே தீர்ப்பில், ஊர் நலனுக்காக அரசு நியாயமான, அளவுக்கு மீறாத கட்டுப்பாடுகள் வைக்கலாம் என்றும் இருக்கிறது. அவள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள் போலிருக்கிறது. அவளுக்கு உரிமை உண்டு, நான் மறுக்கவில்லை. அந்த உரிமையோடு கூட வருகிறவர்கள் யார் யார் என்பதைத்தான் அவள் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஊசி போட்டவர்களுக்கும்தானே கொரோனா வந்தது, பிறகு என்ன பெரிய வித்தியாசம் என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஒமைக்ரான் வந்தபோது இரண்டு ஊசி போட்டவர்களும் இருமிக்கொண்டு வந்தார்கள். தொற்றைத் தடுப்பதில் ஊசி கொஞ்சம்தான் கை கொடுத்தது, அதுவும் சில மாதத்தில் குறைந்துகொண்டே போனது. ஆனால் நுரையீரல் வரை போய் மூச்சுத் திணறி வருவதைத் தடுப்பதில் நன்றாகவே நின்றது. எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரால் யாருக்கும் இடம் பறிபோவதில்லை.

தட்டம்மை இன்னும் தெளிவான விஷயம். கொரோனா ஊசியைப் போல் இல்லை இது, நோயையே அண்ட விடாது. தட்டம்மை வந்த ஒரு குழந்தை, எதிர்ப்புச் சக்தி இல்லாத 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடும். குழந்தை அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். நூற்றுக்கு 95 பேருக்காவது இரண்டு தவணை போட்டிருந்தால்தான் ஊருக்குள் பரவாது. மீதி ஐந்து பேர் யார்? ஒன்பது மாதம் ஆகாத கைக்குழந்தைகள், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் குழந்தைகள், போட ஆசைப்பட்டாலும் போட முடியாதவர்கள். அந்த இடத்தில் நல்ல ஆரோக்கியமான உன் பேத்தி போய் உட்கார வேண்டியதில்லை. தட்டம்மையில் நிமோனியா வந்தால் தனி அறை, தனி நர்ஸ், ஆக்சிஜன் என்று ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டே அதைச் சுற்றி ஓட வேண்டியிருக்கும். திருப்பூரில் தெருவுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருப்பதால் இது உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலையில் தெரியும்.

குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் வாசலில் பயிற்சிக் காலத்தில் நாம் போய் நின்றது நினைவிருக்கிறதா? 1907-இல் தொடங்கியது. நாய் கடித்தால் தென்னிந்தியா முழுக்க இருந்து ரயிலேறி வந்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு போன இடம். வலிக்கும் என்று தெரிந்தும் வந்தார்கள், நாய்க்கடி முற்றினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்திருந்தார்கள். பிறகு தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசியும் நாட்டுக் குழந்தைகளுக்காக அங்கே தயாரானது. 2008-இல் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள், 2010-இல் திரும்பக் கொடுத்தார்கள். அந்த இரண்டு வருடமும் எனக்கு மனசே சரியில்லை. நம் மலையிலிருந்து போகும் மருந்து என்று ஒரு பெருமை நமக்கு உண்டல்லவா? உன் பேத்தியின் வயதுக் குழந்தைகள் தொண்டை அடைப்பானைப் பார்த்ததே இல்லை, மருமகளும் பார்த்ததில்லை. அதனால்தான் அவளுக்கு நோயைவிட ஊசி பெரிதாகத் தெரிகிறது. அது அவள் குற்றம் இல்லை.

அதனால் அவளைத் திட்டாதே. கொழுந்தனாரைக் கொஞ்சம் அடக்கி வை. அவளுக்கு உள்ளுக்குள் என்ன பயம் என்று தனியாகக் கேள். போன ஊசிக்குக் குழந்தை இரவெல்லாம் அழுததா, தொடை வீங்கியதா, யாராவது ஏதாவது சொன்னார்களா? பதில் சொல்லத் தெரியாத இடத்தில் என் நம்பரைக் கொடு, எந்த நேரமானாலும் பேசுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி நாள். முதல் தவணை 9 முதல் 12 மாதத்துக்குள், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். கொஞ்சம் தள்ளிப் போனாலும் போடலாம், காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். காய்ச்சல் வந்தால் ஊசிக்கு ஏழெட்டு நாள் கழித்து வரலாம் என்று முன்னாடியே சொல்லிவிடு, அப்போதுதான் பயப்பட மாட்டாள்.

பனி குறைந்ததும் எல்லோரும் கிளம்பி வாருங்கள். காரில் வந்தால் மலைக்கு வர வேண்டிய இ-பாஸ் அனுமதியை எடுக்க மறந்துவிடாதே, கல்லாறில் நிறுத்திவிடுவார்கள். குழந்தைக்குக் கம்பளிக் குல்லா ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன், தலை அளவு எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
கமலா