கோல் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்து வீராங்கனை அலெக்ஸ் மோர்கனின் ஓய்வு பற்றிய செய்தியைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். 224 சர்வதேச ஆட்டங்களில் 123 கோல்கள், இரண்டு உலகக் கோப்பைகள், லண்டன் ஒலிம்பிக் தங்கம், எல்லாம் சரி. ஆனால் ஆண்களுக்கு இணையான ஊதியம் கேட்டு, 2019-இல் சொந்தச் சம்மேளனத்தின் மீதே தொடுத்த வழக்கில் முதல் பெயர் அவருடையது. 2022-இல் அது 2.4 கோடி டாலருக்குச் சமரசமானது. இதை விட்டுவிட்டு அவர் கதையை எப்படிச் சொல்வது?

2019 உலகக் கோப்பை அரையிறுதியை நள்ளிரவில் கண்விழித்துப் பார்த்தேன். இங்கிலாந்துக்கு எதிராக வெற்றி கோலை அடித்துவிட்டுத் தேநீர் உறிஞ்சுவதுபோல் பாவனை செய்தார். அன்று அவருக்கு 30-ஆவது பிறந்தநாள் வேறு! வாரம் ஒரு நாளாவது பெண்கள் கால்பந்துக்குத் தாங்கள் கால் பக்கம் ஒதுக்கலாம்.

– ஒரு வாசகர்