பதவில இருக்கறவங்கள கெடுக்கறதுல நம்ம பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அதிகாரமும் பணிவும் பத்தி போன வாரம் உங்க பத்திரிகைல வந்த கட்டுரைய படிச்சேன். நல்லா எழுதி இருந்தாங்க, ஆனா பதவி வந்தா தான் ஒருத்தனோட சுயரூபம் தெரியும்னு முடிச்சிருந்தத மட்டும் என்னால ஒத்துக்க முடியல. அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரில கொடை பிடிப்பான்னு நம்ம பெரியவங்க சொல்றதும் இதே தான். ரெண்டுமே ஏற்கனவே அற்பனா இருந்தவன் தான் பதவில ஆடுவான், நல்லவனுக்கு ஒண்ணும் ஆகாதுங்கற மாதிரி இருக்கு. நான் கண்ணால பாத்தது வேற. நல்ல மனுஷன் தான் மாறிப் போறாரு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா, சுத்தி இருக்கற நாம எல்லாரும் சேந்து அவர மாத்தறோம்.

குடியாத்தம் பக்கம் ஒரு ஊராட்சி, பேர் வேணாம். 2021 அக்டோபர்ல நம்ம மாவட்டத்துல ஊரக உள்ளாட்சி தேர்தல் நடந்துச்சே, அதுல தலைவரா ஜெயிச்சவரு மோட்டார் ரிப்பேர் பண்ணிக்கினு இருந்தவரு. நெலத்துல மோட்டார் எரிஞ்சி போச்சுன்னு எந்நேரம் ஃபோன் பண்ணாலும் வந்து நிப்பாரு, காசு அறுவடை முடிஞ்சு குடுன்னுவாரு, அந்த குணத்துக்காகவே ஜனங்க ஓட்டு போட்டாங்க. ஆரம்பத்துல ஒரு கிராம சபைல வயசான அம்மா ஒருத்தங்க எழுந்து "இன்னாப்பா, நூறு நாள் வேலை கூலி இன்னும் ஏறலியே"ன்னு சத்தமா கேட்டாங்க. அவரும் எழுந்து நின்னு, பாஸ்புக்க வாங்கிப் பாத்துட்டு, "பிடிஓ ஆபீசுக்கு நானே இட்டுனு போறேன் ஆயா"ன்னு சொன்னாரு, சொன்ன மாதிரியே கூட்டிட்டும் போனாரு.

அதுக்கப்புறம் நடந்ததுல அவரு செஞ்சது கம்மி, மத்தவங்க செஞ்சது தான் ஜாஸ்தி. பொறந்த நாளுக்கு பேனர் வச்சாங்க. பேர் சொல்லி கூப்ட்டவங்க எல்லாம் தலைவரேன்னு கூப்ட்டாங்க. டீக்கடைக்கு வந்தா பெஞ்சில இருக்கறவங்க எழுந்து நிக்க ஆரம்பிச்சாங்க, அவருக்கே ஒரு மாதிரி ஆகி இருக்கும், கடைசில டீக்கடைக்கு வர்றதையே விட்டுட்டாரு. அங்க தானேங்க அவருக்கு எந்த தெருவுல தண்ணி வரல, எந்த கம்பத்துல லைட் எரியலன்னு காதுல விழும், அதெல்லாம் நின்னு போயி, கூடவே திரியற ஒரு நாலு பேரு சொல்றது தான் ஊர் சேதின்னு ஆச்சு, அந்த நாலு பேரும் அவரு மூஞ்சிய பாத்து அதுக்கேத்த மாதிரி பேசறவங்க. பின்னால ஒரு சபைல அதே அம்மா எழுந்தப்போ பக்கத்துல இருந்த ஒருத்தன் "உக்காரு ஆயா, தலைவருக்கு வேலை இருக்கு"ன்னு அதட்டினான். இவரு செல்ல பாத்துக்கினு உக்காந்திருந்தாரு. அந்த எடத்துல நாங்க அத்தினி பேர் இருந்தோம், ஒருத்தரும் வாய தொறக்கல.

நேர்மை விஷயத்துலயும் அவரு ஒரே நாள்ல கெட்டுப் போகல. காண்ட்ராக்டர் கிட்ட கமிஷன் வாங்க மாட்டேன்னு சொன்னாரு, இன்னைக்கும் வாங்கலன்னு தான் நம்பறேன். ஆனா கால்வாய் வேலை அவரோட மச்சானுக்கு போச்சு. வெளியாளுக்கு குடுத்தா மட்டமா செய்வான், நம்ம ஆளுன்னா ஒழுங்கா செய்வான்னு காரணம் சொன்னாராம். அவரு மனசுக்கு அது நியாயமா தான் பட்டிருக்கும். "அது சரியில்லப்பா"ன்னு எதுத்து சொல்ற ஒரு ஆள் பக்கத்துல இருந்திருந்தா அவரே யோசிச்சிருப்பாரு, அந்த மாதிரி கேக்கறவங்கள தான் எப்பவோ அதட்டி உக்கார வச்சாச்சே. அதனால தான் சொல்றேன், கேள்வி கேட்டவங்களுக்கு எழுந்து நின்னு பதில் சொன்ன பழக்கம் மொதல்ல போச்சு, அது போனதால தான் நேர்மையும் பின்னாடியே போச்சு.

இத பத்தி அமெரிக்காவுல ஆடம் கலின்ஸ்கிங்கற மனோதத்துவ பேராசிரியரும் அவரோட கூட்டாளிங்களும் 2006ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கொஞ்ச பேர, தாங்க மத்தவங்க மேல அதிகாரம் செலுத்தின ஒரு சமயத்த நெனைச்சு எழுத சொன்னாங்க, இன்னும் கொஞ்ச பேர, தங்க மேல மத்தவங்க அதிகாரம் செலுத்தினத எழுத சொன்னாங்க. அப்புறம் எல்லாரையும் அவங்கவங்க நெத்தில இங்கிலீஷ் ஈ எழுத்த போட சொன்னாங்க. அதிகாரத்த நெனைச்சவங்கள்ல 33 சதவீதம் பேரு எதிர்ல நிக்கறவங்களுக்கு இடம் வலம் மாறி தெரியற மாதிரி, தன் பக்கத்துல இருந்து பாத்தா சரியா இருக்கற மாதிரி போட்டாங்களாம். இன்னொரு குழுவுல அப்படி போட்டவங்க 12 சதவீதம் தான். சின்ன ஆய்வு தான், ஆனா சும்மா கொஞ்ச நேரம் அதிகாரத்த நெனைச்சதுக்கே எதிராளி பார்வை மறந்து போகுதுன்னா, அஞ்சு வருஷம் அந்த சேர்லயே உக்காந்திருக்கறவங்க நெலமைய யோசிச்சு பாருங்க.

நம்ம வேலூர் கோட்டைல நடந்ததும் இது தான். புதுசா வந்த தொப்பிய போட மாட்டோம், நெத்தில போடற குறி, தாடி இதுல எல்லாம் கைய வைக்காதீங்கன்னு சிப்பாய்ங்க 1806 மே மாசமே மேலதிகாரிங்களுக்கு காட்டிட்டாங்க. அதுக்கு கெடைச்ச பதில், ரெண்டு பேருக்கு தலா 900 கசையடி. முஸ்தபா பெய்க்னு ஒரு சிப்பாய் சதி நடக்குதுன்னு முன்னாடியே வந்து சொன்னாரு, அவர பைத்தியம்னு சொல்லி கட்டிப் போட்டாங்க. ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடியே கலகம் வெடிச்சுது. அப்புறம் தளபதி க்ராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன்ல இருந்து திருப்பி கூப்ட்டுக்கிட்டாங்க, அதுக்குள்ள எத்தினி உயிர் போச்சு. வாசல்ல வந்து ஒருத்தன் உண்மைய சொன்னான், காது குடுத்து கேக்க மேல இருக்கறவங்களால முடியல.

காமராஜர் பேர சொல்லாம இத எழுத முடியாது, அதுவும் குடியாத்தத்துல இருந்து எழுதறப்போ. அம்மா வீட்டு தண்ணி குழாய புடுங்க சொன்ன கதை தான் எல்லார் வாட்ஸப்புலயும் சுத்துது, எனக்கு அத விட பெருசா படறது வேற ரெண்டு விஷயம். 1941ல அவரு நம்ம வேலூர் ஜெயில்ல கைதியா இருந்தப்போ விருதுநகர் நகராட்சி தலைவரா தேர்ந்தெடுத்தாங்க. வெளிய வந்ததும் நேரா போயி, முழுசா செய்ய முடியாத பொறுப்புல நான் இருக்கக் கூடாதுன்னு ராஜினாமா பண்ணிட்டு வந்தாரு. 1954ல முதலமைச்சர் ஆனப்போ, காங்கிரஸ் சட்டமன்ற கட்சி தலைவர் தேர்தல்ல தன்ன எதுத்து நின்ன சி. சுப்பிரமணியத்தையும் அவருக்கு ஆதரவா இருந்த பக்தவத்சலத்தையும் தன் மந்திரிசபைலயே சேத்துக்கிட்டாரு. அந்த வருஷம் தான் நம்ம குடியாத்தம் இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்சு சட்டசபைக்கு போனாரு. எதுத்துப் பேசக்கூடிய ஆளுங்கள பக்கத்துலயே வச்சிருந்ததால தான் ஒம்போது வருஷம் முதல்வரா இருந்தும் அந்த மனுஷன் மாறலன்னு நான் நெனைக்கறேன். பொறக்கும்போதே மகான்னு சொல்லி ஃபோட்டோவுக்கு மாலை போட்டுட்டா நமக்கு சுலபம், அவரு பாத்து பாத்து செஞ்சத நாம கத்துக்க வேண்டாம்னு ஆயிடுது.

இதுல ஜனங்க தப்பும் பெருசு. 2019 ஏப்ரல்ல நடக்க வேண்டிய நம்ம வேலூர் எம்.பி. தேர்தல், கட்டு கட்டா பணம் புடிபட்டதால ரத்தாகி ஆகஸ்ட் 5ல நடந்துச்சு, நாடே நம்மள பாத்துச்சு. ஓட்டுக்கு காசு வாங்கிட்ட கையோட ஜெயிச்சவர்கிட்ட போயி கணக்கு காட்டுய்யான்னு எப்படிங்க கேக்க முடியும், நாக்கு எழும்புமா? அவரும் தான் குடுத்தாச்சே, இனிமே இவன் யாரு கேக்கன்னு தான நெனைப்பாரு.

அதனால உங்க கிட்ட எனக்கு ரெண்டு வேண்டுகோள் இருக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு கிராம சபை வருது, ஒவ்வொண்ணுக்கும் நம்ம மாவட்டத்துல ஏதாவது ஒரு ஊருக்கு நிருபர அனுப்புங்க, தலைவர் பேசினத விட்டுட்டு, யாரு இன்னா கேட்டாங்க, பதில் வந்துச்சா, வரவு செலவு கணக்க படிச்சாங்களான்னு மட்டும் போடுங்க. இன்னொண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க, பதவில இருக்கறவங்கள தெய்வமா ஆக்கி முழுப் பக்கத்துக்கு வர்ற பொறந்தநாள் விளம்பரம் உங்க பத்திரிகைலயும் தான் வருது, அத கொறைக்க முடியுமான்னு பாருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.