சொத்து வரி ரசீதில் சதுர அடி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொத்து வரி என்றாலே அது கூடிவிட்டது என்றுதான் பேசுகிறோமே தவிர, அந்தத் தொகை எந்தக் கணக்கில் வந்தது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. நானும் 2022 வரை கேட்டதில்லை.

அந்த ஆண்டு தமிழ்நாட்டில் சொத்து வரியை மாற்றியமைக்க நடந்த பொதுச் சீராய்வில், சென்னை நீங்கலான மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும், குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடும், 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் வரி உயர்த்தப்பட்டது. வருமான வரியில் வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே கூடுதல் விகிதம்; இங்கே அப்படியில்லை, மொத்த வரியும் அந்த விகிதத்தில் ஏறிவிடும். அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிவந்த இருவரில் 1,200 சதுர அடிக்காரர் 1,500 ரூபாயும், 1,201 சதுர அடிக்காரர் 1,750 ரூபாயும் கட்ட வேண்டும். ஓரடிக்கு ஓரடி டைல்ஸ் கல் ஒன்றுக்கு 250 ரூபாய்!

எங்கள் வீட்டுக்கு 75 விழுக்காடு உயர்ந்தது. அதே கொத்தனார், அதே வரைபடத்தில் கட்டிய பக்கத்து வீட்டுக்கோ 50 விழுக்காடுதான். உள்ளாட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, பதிவேட்டில் எங்கள் வீடு 1,236 சதுர அடி என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகனும் டேப் பிடித்து, சுவர்களையும் சேர்த்து அளந்ததில் 1,164தான் வந்தது. மீதி 72 சதுர அடியைத் தேடியபோதுதான் பின்கட்டில் அப்பா காலத்தில் இருந்த எட்டடிக்கு ஒன்பதடி விறகுக் கொட்டகை நினைவுக்கு வந்தது. கேஸ் அடுப்பு வந்த பிறகு நாங்கள் இடித்துவிட்ட அந்தக் கொட்டகை, பதிவேட்டில் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. மனு கொடுத்து, ஆள் வந்து அளந்து, திருத்தம் ஏற ஏழு மாதம் பிடித்தது.

இடித்ததைத் தெரிவிக்காதது எங்கள் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளாக நாங்கள் வாங்கிய எந்த ரசீதிலும் 1,236 என்ற எண் இருந்ததில்லை. வரிவிதிப்பு எண், கதவு எண், உரிமையாளர் பெயர், அரையாண்டு, தொகை எல்லாம் உண்டு. நூலக வரி கூடத் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். (பத்திரிகை படிக்க நாள்தோறும் நூலகம் போகிறவன் என்பதால் அந்த ஒரு வரியைக் கட்டுவதில் எனக்கு வருத்தமே இல்லை.) வரியைத் தீர்மானிக்கிற கட்டடப் பரப்பு, தெரு சேர்ந்துள்ள மண்டலம், அதற்கான சதுர அடி மதிப்பு, கட்டடத்தின் வகை, வயது, சொந்தக் குடியிருப்பா வாடகைக்கு விட்டதா என்ற விவரம், இவற்றில் ஒன்றுகூட எங்கள் ரசீதில் இல்லை. மளிகைக் கடைப் பையன் கூட எத்தனை கிலோ, கிலோ என்ன விலை என்று எழுதித்தான் துண்டுச் சீட்டைத் தருகிறான்.

அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறார்கள், நல்லதுதான். அதே அக்கறையோடு, வரி கட்டச் சொல்லி அனுப்பும் கேட்பு அறிவிப்பிலேயே மேற்சொன்ன விவரங்களை அச்சிட்டுத் தர நகராட்சி நிர்வாகத்துறை உத்தரவிட வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு உயர்வும் இப்போது கணக்கிட்டிருக்கும் வரித் தொகையின் மேல்தான் ஏறும் என்பதால், பழைய பிழையும் கூடவே ஏறிக்கொண்டு போகும். அதுவரை வாசகர்கள் தங்கள் வீட்டின் பரப்பு பதிவேட்டில் எவ்வளவு என்று ஒருமுறை கேட்டு, அளந்து பார்த்துக்கொள்வது நல்லது. பின்கட்டுக் கொட்டகை, மாடிப்படி அறை இவற்றை மறந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளரான ஒரு வாசகர்