22 நிமிடம் காத்திருந்தது யார் குற்றம்?

மதிப்பிற்குரிய கிரெடிட் கார்டு பிரிவுத் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். அம்மாவின் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. ஓடிபியை வாடிக்கையாளரே சொல்லிவிட்டதால் வங்கி பொறுப்பேற்காது என்று இரண்டே வரி. முதலில் போன ₹48,700-க்காக நான் வாதாட வரவில்லை. ரிவார்டு பாயிண்ட் இன்று ராத்திரியோடு காலாவதியாகிறது என்றவனிடம் அம்மா ஓடிபியைச் சொன்னது தப்புதான். கார்டின் கடைசி நான்கு எண்களை அவனே சொன்னதால் நம்பிவிட்டார். அந்தத் தப்பை அவரே தினம் பத்துத் தடவை சொல்லி அழுகிறார்.

நான் கேட்பது இரண்டாவதாகப் போன ₹31,200-ஐப் பற்றி.

பணம் போன எஸ்எம்எஸ்ஸைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. காலை 11:21-க்கு, கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் உங்கள் எண்ணுக்கு அடித்தார். தமிழுக்கு ஒரு பட்டன். அப்புறம் தனிநபர் கடன் விளம்பரம். அப்புறம் கார்டின் 16 எண்ணையும் அழுத்தச் சொன்னது குரல். 68 வயது, கை நடுக்கம். ஒரு எண் தவறியது. மறுபடி முதலிலிருந்து. அதன்பின் பாட்டு. 11:34-க்கு, அந்தப் பாட்டு காதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த எஸ்எம்எஸ் வந்தது. ஓர் ஆள் பேசியது 11:43-க்கு.

புகார் வந்த நேரம் என்று உங்கள் பதிவில் இருப்பதும் அதே 11:43.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை உங்களுக்குத் தெரியாததல்ல. வாடிக்கையாளரின் கவனக்குறைவே ஆனாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. எஸ்எம்எஸ்ஸுக்கு அப்படியே பதில் அனுப்பிப் புகார் சொல்ல வழி இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உங்கள் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அனுப்பினால் போய்ச் சேரவே மாட்டேன் என்கிறது. அம்மா வேறு எப்படித் தெரிவித்திருக்க வேண்டும், புறா விட்டா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு சாதாரண மொபைல் எண்ணிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, கார்டை மாற்றித் தருவதாகச் சொல்லி, சரிபார்க்கப் பிறந்த தேதியைக் கேட்டார். அம்மா பயந்துபோய் வைத்துவிட்டார். கிளையில் விசாரித்தால், அது உங்கள் ஆளேதான்! யாரிடமும் எதையும் சொல்லாதீர்கள் என்று மாதாமாதம் எஸ்எம்எஸ் அனுப்புவதும் நீங்கள், கூப்பிட்டுக் கேட்பதும் நீங்கள். வங்கி அழைப்புக்கென்றே 1600 வரிசை எண்கள் வந்தபிறகும் இப்படியென்றால், திருடனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசத்தைப் பார்த்து நாங்கள் போனை எடுப்பது? கார்டு வேண்டுமா என்று கேட்க மட்டும் உங்களிடம் எப்போதும் ஆள் இருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அம்மா உங்களுக்கு அடித்த 11:21-ஐயே புகார் நேரமாக எடுத்துக்கொண்டு ₹31,200-ஐக் கணக்கிலிருந்து நீக்குங்கள். அதன்மேல் ஏறிய வட்டியையும் சேர்த்து. அடுத்து, உங்கள் எண்ணுக்கு அடித்தால் முதலில் கேட்கிற பட்டன் கார்டை பிளாக் செய்வதாக இருக்கட்டும். கடன் விளம்பரம் அப்புறம் ஓடட்டும். அன்று மதியமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் பதிந்த புகாரின் எண் உங்களிடம் இருக்கிறது. இதற்கும் அதே இரண்டு வரிதான் பதில் என்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் போவேன்.

அந்த அழைப்பை அம்மா இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை. 11:21 என்று தெரியும்படி படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரின் மகள்