சொல்லும் ஒன்று, அளவும் ஒன்று

அன்புள்ள மகளுக்கு,

விமானப் பயிற்றுநராக முதல் மாணவர்களை எடுத்துக்கொண்டாய் என்று கேட்டதில் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் போனில் நீ சொன்ன ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே இல்லை. இறங்க வரும்போது 65 நாட் வேகம் பிடி என்கிறார் ஒருவர், 70 பிடி என்கிறார் இன்னொருவர். பையன் யாரோடு பறக்கிறானோ அவருக்குத் தகுந்த மாதிரி ஓட்டுகிறான் என்றாய். அவன் கற்றுக்கொண்டிருப்பது பயிற்றுநர்களின் குணத்தைத்தான். சோலோ போகும் நாளில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். அன்றைக்கு எந்த எண்ணைப் பிடிப்பான்?

நீயும் உன் சக பயிற்றுநரும் விமானத்தின் கையேட்டை வைத்துக்கொண்டு உட்காருங்கள். அதில் உள்ள எண்தான் எல்லோருக்கும். எடைக்காகவோ காற்றுக்காகவோ மாற்ற வேண்டுமென்றால், ஏன் மாற்றுகிறோம் என்பதைத் தரையிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், காற்றில் நீ பேசும் பேச்சு. தரையைத் தொடப்போகும் நேரத்தில் 'பவர்!' என்று மட்டும் கத்தினால், பயந்துபோன மாணவன் கூட்டவும் செய்வான், குறைக்கவும் செய்வான். 'ஃபுல் பவர், கோ அரவுண்ட்' (முழு சக்தி கொடு, இறங்காமல் மறுபடி மேலே ஏறு) என்றால் குழப்பமே இல்லை. 'கொஞ்சம் இழு' என்பதும் அப்படித்தான். எவ்வளவு கொஞ்சம்? 'பார்வையை ரன்வேயின் கடைசிக்குக் கொண்டுபோ, மூக்கு இந்த இடத்தில் நிற்கட்டும்' என்று சொல். அவன் கண்ணால் சரிபார்த்துக்கொள்ள ஒன்று கிடைக்கும்.

கண்ட்ரோலைக் கைமாற்றுவதில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்காதே. 'யூ ஹேவ் கண்ட்ரோல்' என்று நீ சொல்ல வேண்டும், 'ஐ ஹேவ் கண்ட்ரோல்' என்று அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். கொடுத்த பிறகு ரடர் பெடலை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் கால்மிதியை) ரகசியமாக அழுத்தி உதவாதே. நேராக ஓடியது தன் காலாலா உன் காலாலா என்று அவனுக்குத் தெரியாமல் போகும். ஆபத்து என்றால் வாய்விட்டுச் சொல்லி வாங்கிக்கொள்.

இதெல்லாம் புதிதாக வந்த கண்டிப்பு இல்லை. 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பேரி பயிற்றுநர்களுக்கென்றே ஒரு பள்ளியை நடத்தினார். என்ஜின் இரைச்சலில் மாணவனோடு பேச ஒரு குழாயைப் பயன்படுத்தினார்கள். இன்றும் அதற்குக் காஸ்போர்ட் குழாய் என்றே பெயர். பேச வழி செய்ததோடு, எல்லோரும் ஒரே முறையில் கற்பிக்கவும் பழக்கினார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பள்ளியின் பெருமை என்று எனக்குத் தோன்றும்.

டெனரிஃப் விபத்தை நீ பரீட்சைக்காகப் படித்திருப்பாய். பயிற்றுநராக இன்னொரு முறை படி. 1977 மார்ச் 27, பனிமூட்டம், டெனரிஃப் தீவின் ரன்வேயில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம் துணை விமானி 'இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்றார். கண்ட்ரோலர் அதைக் கிளம்பத் தயாராக நிற்பதாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் டேக்-ஆஃப் என்ற சொல்லை அனுமதி கொடுக்கவும் ரத்து செய்யவும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் டிபார்ச்சர் என்று சொல்லும் வழக்கம் வந்தது. என்னை இன்னும் உலுக்குவது வேறொன்று. பான் ஆம் விமானம் ரன்வேயை விட்டு விலகவில்லையா என்று கேஎல்எம் ஃப்ளைட் என்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கேப்டன் அந்த நிறுவனத்தின் தலைமைப் பயிற்சியாளர். உன் மாணவன் சந்தேகம் கேட்டால், அது தப்பான சந்தேகமாகவே இருந்தாலும், கேட்டதற்காக அவன் முகம் சுருங்கும்படி பதில் சொல்லாதே.

மதிப்பிடும்போதும் இதே நேர்மை வேண்டும். அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ நடத்தும் தனியார் விமானி தேர்வில் ஸ்டீப் டர்னுக்கு, அதாவது நன்றாகச் சாய்ந்து திரும்புவதற்கு, 45 டிகிரி சாய்வு, அதில் 5 டிகிரிக்கு மேல் பிசகக்கூடாது. தொடங்கிய உயரத்திலிருந்து 100 அடிக்கு மேலும், வேகத்திலிருந்து 10 நாட் அளவுக்கு மேலும் கூடவோ குறையவோ கூடாது. 150 அடி இறங்கியவன் நல்ல பையன் என்பதற்காகப் 'பரவாயில்லை' போடாதே. வாயாடி என்பதற்காக இன்னொருவனை 80 அடிக்குத் திட்டாதே. எண்ணைச் சொல், ஏன் இறங்கியது என்று அவனையே கேள், அப்புறம் மறுபடி பறக்கவிடு.

சரி, ஒரு வேலை தருகிறேன். தரையிறங்கும் கடைசி நொடிகளில் நீ மாணவனிடம் சொல்லும் வார்த்தைகளை அப்படியே எழுதி அனுப்பு. உன் சக பயிற்றுநரையும் தனியாக எழுதச் சொல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேசலாம்.

அன்புடன்,
அப்பா